பனிமலையைப் படம் பிடித்த பாங்கிக் குமாஸ்தா

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் முதலில் தேடிச் செல்வது அந்தப் பெரிய பாறையைத்தான். அர்ஜுனன் தபசு என்பார்கள் சிலர். பகீரதன் தவம் என்பார்கள் சிலர். அறிஞர்களுக்குள் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. யாருடைய தவமாக இருந்தாலும் இடம் இமயமலைதான். நடுவில் பிளந்திருக்கும் வெடிப்பு, ஆகாயத்திலிருந்து இறங்கும் கங்கை. கடற்கரையில், கொதிக்கும் மணலுக்குப் பக்கத்தில், பனியையே கண்டறியாத ஊரில், பல்லவர் காலத்துச் சிற்பிகள் பனிமலையைக் கல்லில் இறக்கி வைத்தார்கள்.

அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. கல்லில் வெயிலின் தொந்தரவு கிடையாது. அதே பாறையை, அதே கடற்கரைக் கோயிலை, பகல் பன்னிரண்டு மணிக்குப் படம் எடுக்கப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். மணல் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். இல்லாவிட்டால் கோயில் கரியாக இருண்டுவிடும். இரண்டும் ஒரே படத்தில் சரியாக விழுவது அபூர்வம்.

மணலுக்கே இந்தப் பாடு என்றால், மணலைவிடப் பல மடங்கு பிரகாசிக்கும் வெண்பனிக்கு என்ன பாடு! அந்தப் பாட்டை இமயமலைக்கே போய்ப் பட்டவர் சாமுவேல் போர்ன். பாறையில் சிற்பிகள் செதுக்கிய கங்கை உண்மையில் பிறக்கும் இடத்துக்கு, கங்கோத்ரி பனிப்பாறையின் வாய்க்கு, 1866-ம் ஆண்டிலேயே காமிராவைச் சுமந்து சென்றவர். அல்ல, சுமக்கச் செய்து சென்றவர். இந்த வேறுபாடு முக்கியம். அதைப் பின்னால் பார்ப்போம்.

பாங்கியில் உத்தியோகம்

போர்ன் பிறந்தது 1834-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர், ஷ்ராப்ஷயர் ஜில்லாக்களின் எல்லையில் மக்கிள்ஸ்டன் என்ற ஊருக்கு அருகே, ஒரு பண்ணை வீட்டில். குடும்பம் விவசாயக் குடும்பம். பையனுக்குக் கலப்பை பிடிக்கவில்லை. இருபது வயதைத் தாண்டியதும் நாட்டிங்ஹாம் நகரில் ஒரு பாங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

பகலெல்லாம் பேரேடு. ஓய்ந்த நேரத்தில் காமிரா. அந்தக் காலத்தில் புகைப்படம் என்பது இன்றுபோல் விரலால் தட்டும் விஷயமல்ல. பாதி சித்திரக் கலை, பாதி வைத்தியசாலை ரசாயனம். இளைஞர் இரண்டையும் கற்றார். வடக்கு இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தைச் சுற்றிப் படம் எடுத்தார். நாட்டிங்ஹாம் புகைப்படச் சங்கத்தில் பெயர் பெற்றார். 1862-ல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியிலும் அவர் படங்கள் இடம் பெற்றன.

நிலையான சம்பளம் தரும் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். 1863 ஜனவரியில் கல்கத்தாவில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 28. சிம்லாவில் வில்லியம் ஹவர்ட் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். பிறகு சார்லஸ் ஷெப்பர்டும் சேர்ந்தார். ஹவர்ட் விலகியபின் 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' என்று ஸ்டூடியோவுக்குப் பெயர் நிலைத்தது. படம் எடுப்பது பெரும்பாலும் போர்ன். படம் அச்சிடுவதில் கைதேர்ந்தவர் ஷெப்பர்ட்.

பத்து நிமிஷக் கண்ணாடி

அன்று பிலிம் கிடையாது. கண்ணாடித் தகடுதான். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துக் கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தைத் தயாரிப்பார்கள். அதைக் கண்ணாடியின்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைக் குப்பியில் வடித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டு இரண்டு முறை ஓடினால் தகடு பாழ். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். அதன் பிறகே வெளிச்சத்தை உணரும் சக்தி அதற்கு வரும். அந்த ஈரம் காய்வதற்குள் காமிராவில் பொருத்தி, படம் எடுத்து, மறுபடி இருட்டுக்குள் ஓடி, கழுவிவிட வேண்டும். காய்ந்தால் போயிற்று. ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

ஆகவே ஸ்டூடியோவின் இருட்டறையையே கூடாரமாக்கிக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். படத்தைப் பெரிதாக்கும் வழக்கமும் அப்போது இல்லை. படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கண்ணாடி. போர்ன் பெரும்பாலும் கையாண்டது 12 அங்குலத்துக்கு 10 அங்குலம். அதைக் கொள்ளும் மரக் காமிரா, நூற்றுக்கணக்கான கண்ணாடிகள், குப்பி குப்பியாக ரசாயனம், தண்ணீர்த் தொட்டிகள்! சமவெளியில் இவற்றைக் கட்டை வண்டியில் போடலாம். மலையில் மனிதன் முதுகுதான் வண்டி.

முதல் பயணம் 1863 ஜூலை 29-ல் தொடங்கியது. சுமார் முப்பது சுமைக்காரர்கள். சிம்லாவிலிருந்து சட்லெஜ் பள்ளத்தாக்கு வழியாகச் சினி வரை; இன்று கல்பா என்று சொல்லும் ஊர் அது. 15,000 அடிக்கு மேற்பட்ட தாரி கணவாயில் ஏறிக் கூடாரம் அடித்தபோது விரல்கள் மரத்துவிட்டன. பத்து வாரங்களுக்குப்பின் 147 நெகடிவ்களுடன் சிம்லா திரும்பினார். 1864 மார்ச்சில் புறப்பட்ட இரண்டாவது பயணம் ஒன்பது மாதம் நீண்டது. காங்கடா, சம்பா, காஷ்மீர் என்று சுற்றி ஐந்நூறுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்தார். காஷ்மீர ஏரிகளில்தான் அவர் மனம் லயித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இமயத்தைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவருக்கு இமயம் முதலில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை! ஏரியும் மரமும் குடிசையும் அளவோடு அமைந்த இங்கிலாந்துக் காட்சிகளில் பழகிய கண் அது. இங்கே மலைக்குப் பின் மலை, அதற்குப் பின்னும் மலை. எதைச் சட்டத்துக்குள் அடக்குவது, எதை விடுவது என்று திணறினார். இலண்டன் புகைப்படப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரைகளில் இந்தக் குறையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

வெண்மை என்னும் வில்லங்கம்

பனியைப் படம் எடுப்பதில் என்ன கஷ்டம்? வெளிச்சம்தான் ஏராளமாக இருக்கிறதே என்று தோன்றும். அதுதான் கஷ்டம்.

கொலோடியன் தகட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. நீல நிறத்தையும் ஊதா நிறத்தையும் அது கூர்மையாக உணரும். பச்சை மங்கலாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. பனியோ நீல ஒளியை வாரி இறைப்பது. தேவதாரு மரமோ கரும்பச்சை. இரண்டும் ஒரே காட்சியில் நிற்கின்றன. மரத்தின் கிளை தெரியட்டும் என்று காமிராவின் வாயை அதிக நேரம் திறந்து வைத்தால், பனி முழுவதும் வெந்துபோய் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். அதிலுள்ள மேடு பள்ளம், வெடிப்பு, காற்று இழைத்த வரி ஒன்றும் மிஞ்சாது. பனியைக் காப்பாற்றக் குறைவாகத் திறந்தால் காடு ஒரு மைக்கறை. ஆகாயமும் நீலமானபடியால் பனியோடு சேர்ந்து வெளுத்துவிடும். சிகரம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

இன்றைய காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அதுவும் பனியிடம் ஏமாறத்தான் செய்கிறது. காட்சி எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அதனால் பனியைச் சாம்பலாக்கிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு படி வெளிச்சத்தைக் கூட்டி வைப்பார்கள். நிழலில் ஏறும் நீலத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் குறைப்பார்கள். போர்னுக்கு அளக்கும் கருவியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. கண்ணும் அனுபவமும்தான். வினாடிகளை வாயால் எண்ண வேண்டும்.

எடுத்தபின் திருத்தும் வித்தை அக்காலத்திலும் இருந்தது. வெளுத்துப்போன வானத்துக்கு வேறொரு நெகடிவிலிருந்து மேகத்தைக் கொண்டுவந்து ஒட்டி அச்சிடுவார்கள். நெகடிவின்மேல் தூரிகையால் சாயம் பூசுவார்கள். நம் சென்னை ராஜதானியிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. சர்க்கார் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தவர். காகித நெகடிவில் கையாலேயே மேகம் வரைந்து சேர்த்தவர் அவர். தஞ்சைப் பெரிய கோயிலுக்குமேல் மிதக்கும் மேகங்களைக் கண்டு அன்று மழை வந்ததோ என்று நினைக்க வேண்டாம்!

போர்ன் வெற்றி பெற்ற பனிப் படங்களைப் பார்த்தால், பாதி வேலை தகட்டை ஈரமாக்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது தெரியும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நேரத்துக்குக் காத்திருப்பதிலும் அவர் பிடிவாதக்காரர். நடுப்பகல் வெயில் பனியைத் தட்டையாக்கும். சாய்ந்த வெயில் பட்டால்தான் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். அந்த நிழல்தான் பனிக்கு உருவம். முன்னால் கருமையான பாறை, நடுவே மரம், அதற்கு அப்பால் பனி என்று அவர் அடுக்குவார். அப்போது கருமை சற்று இருண்டாலும் கண் பொறுத்துக்கொள்ளும். வெண்மை மட்டும் கெடக் கூடாது. மேகம் மறைத்தால் கூடாரத்தில் உட்கார்ந்து காத்திருப்பார். நல்ல நெகடிவ் கிடைக்காவிட்டால் அந்த நாள் வீண்நாள்.

18,600 அடி

மூன்றாவது பயணம்தான் பெரும் பயணம். 1866 ஜூலை 3-ல் சிம்லாவிலிருந்து கிளம்பியபோது சுமார் 80 சுமைக்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். டாக்டர் பிளேஃபேர் என்பவரும் இந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்டார். குலு, லாஹூல், ஸ்பிதி. மரம் மறைந்து, புல் மறைந்து, கல்லும் பனியும் மட்டுமே உள்ள சீமை அது.

ஸ்பிதியிலிருந்து தெற்கே திரும்ப மணிரங் கணவாயைத் தாண்ட வேண்டும். அவர் குறித்த உயரம் 18,600 அடி. நம் நீலகிரியின் தொட்டபெட்டாவைப் போல் இரண்டு பங்குக்கும் அதிகம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதிதான். பத்தடி நடந்தால் மூச்சு முட்டும். அந்த இடத்தில் இருட்டுக் கூடாரத்தை நிறுத்தி, ஈதர் வாசனைக்குள் தலையை நுழைத்து, கண்ணாடியில் கொலோடியனை ஒழுங்காக ஓடவிட வேண்டும்! குளிரில் ரசாயனங்கள் சோம்பிவிடும். கழுவத் தண்ணீர் வேண்டுமானால் பனியை உருக்க வேண்டும்.

அப்படியும் சில நெகடிவ்கள் எடுத்தார். சுற்றிலும் சிகரங்கள், பனிச் சரிவு, மேலே மேகம். அவ்வளவு உயரத்தில் எடுத்த படம் என்ற பெருமையை அடுத்த இருபது ஆண்டுகள் வரை வேறெவரும் முறியடிக்கவில்லை என்று புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

கணவாயைத் தாண்டியபின் பஸ்பா பள்ளத்தாக்கு. பிறகு கங்கோத்ரி. பனிப்பாறையின் அடியில் குகைபோல் திறந்த வாயிலிருந்து கங்கை வெளிப்படும் இடத்தைக் கோமுகம் என்கிறோம். மாமல்லபுரத்துப் பாறையில் நாகர்கள் நீந்தி வரும் பிளவு எந்த நீருக்காகச் செதுக்கப்பட்டதோ அந்த நீரின் தலைவாசல். போர்ன் படத்தில் நாகர்கள் இல்லை, தேவர்கள் இல்லை. உடைந்த பனிச் சுவர், சிதறிய கற்கள், நடுவே கலங்கிய நீர். கங்கை பிறக்கும் இடத்தைக் காட்டும் மிகப் பழைய புகைப்படங்களில் அது ஒன்று. பனிச் சுவரின் ஒவ்வொரு விரிசலும் அதில் தெரிகிறது. வெண்மை கெடவில்லை.

அவ்வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் பயணம் முடிந்தது.

சுமந்தவர்கள்

இப்போது அந்தச் சுமைக்காரர்கள் விஷயம். ஆங்கிலத்தில் அவர்களைக் குறிக்கும் சொல் நம் தமிழ்க் 'கூலி'யிலிருந்து போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்தான் போனது. கூலி ஒழுங்காகப் போயிற்றா என்பது வேறு விஷயம். மலைக் கிராமங்களில் துரைமார் வந்தால் ஆள் அனுப்ப வேண்டும் என்பது கட்டாயம். பேகார் என்று அதற்குப் பெயர். வயலில் அறுப்பு நடந்தாலும் போட்டது போட்டபடி வர வேண்டும்.

வந்தவர்கள் கண்ணாடிப் பெட்டிகளை மட்டும் சுமக்கவில்லை. துரையின் கட்டில், நாற்காலி, துப்பாக்கி, புத்தகங்கள், பிராந்திப் புட்டிகள் எல்லாவற்றையும் சுமந்தார்கள். பனியில் நடக்கத் தக்க உடுப்பு அவர்களில் பலருக்கு இல்லை. ஆபத்தான கணவாய் நெருங்கினால் இரவோடு இரவாகச் சுமையைப் போட்டுவிட்டுச் சிலர் ஓடினார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? போர்ன் தடியை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போய் அடித்திருக்கிறார். இது எதிரிகள் கட்டிய கதையல்ல. அவரே பத்திரிகைக் கட்டுரையில், கூச்சமில்லாமல், வழிப் பிரயாணத்தின் ஒரு தொந்தரவைச் சொல்வதுபோல் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு வாசகங்களையும் ஒரே கட்டுரைத் தொடரில் காணலாம். ஓரிடத்தில், பனிச் சிகரங்களின் முன் நின்று தம் சிறுமையை உணர்ந்து உருகுகிறார். சில பக்கங்கள் தள்ளித் தடி வருகிறது. நிழலில் கிடப்பதையும் காட்ட வேண்டும் என்று தகட்டோடு அவ்வளவு போராடியவருக்குப் பக்கத்தில் நின்ற மனிதனின் குளிர் தெரியவில்லை. ஒவ்வொரு நெகடிவின் மூலையிலும் எண்ணும் போர்ன் என்ற பெயரும் உண்டு. சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆட்கள் படங்களில் இருக்கிறார்கள். மலையின் பிரம்மாண்டம் தெரிய வேண்டுமே என்பதற்காக ஆங்காங்கே சிலரைப் பாறைமேல் உட்கார வைத்திருக்கிறார். படம் எடுக்கும் வினாடிகளில் அசையக் கூடாது. அசைந்தால் உருவம் கலைந்துவிடும். அந்தக் குளிரில் அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விட்டுவிட்டுப் போனவர்

1867-ல் இங்கிலாந்து சென்று மேரி டாலியை மணந்துகொண்டு திரும்பினார். அதன்பின் பெரிய மலைப் பயணம் இல்லை. 1869-ல் தெற்கே வந்தார். உதகமண்டலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை எல்லாவற்றையும் எடுத்தார். பனியில் தேர்ந்த கண்ணுக்கு நம் ஊர்க் கோபுரமும் குளமும் சுலபமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் படங்களில் ஒரு நிதானம் தெரிகிறது.

1870 நவம்பரில் இந்தியாவை விட்டே போய்விட்டார். சுமார் 2,200 நெகடிவ்கள் ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டன. வயது 36 தான். நாட்டிங்ஹாமில் மைத்துனருடன் சேர்ந்து பருத்தி வியாபாரம் தொடங்கினார். செல்வம் சேர்ந்தது. ஊர் மாஜிஸ்டிரேட்டாகவும் ஆனார். பொழுதுபோக்குக்கு நீர்வர்ணச் சித்திரம். சித்திரத்தில் ஒரு வசதி. பனி வேண்டுமானால் அந்த இடத்தில் சாயம் பூசாமல் காகிதத்தை அப்படியே விட்டுவிடலாம். 1912 ஏப்ரல் 24-ந் தேதி காலமானார்.

அவர் விட்டுச் சென்ற ஸ்டூடியோ அவரைவிட நூறு ஆண்டு அதிகமாக வாழ்ந்தது. 1911-ம் வருஷத்து டில்லி தர்பாரைப் படம் எடுத்ததும் போர்ன் அண்ட் ஷெப்பர்ட்தான். 1991 பிப்ரவரி 6-ல் கல்கத்தா ஸ்டூடியோவில் தீப்பிடித்துப் பழைய சேமிப்பில் பெரும்பகுதி அழிந்தது. மணிரங்கின் குளிரைத் தாங்கி வந்த தகடுகளின் பரம்பரைக்கு நெருப்பில் முடிவு. 2016 ஜூன் மாதத்தில் கடையையும் மூடிவிட்டார்கள்.

மிஞ்சியவை அன்றே அச்சாகி உலகெங்கும் விற்ற பிரதிகள்தான். லண்டன் பிரிட்டிஷ் நூலகம் உட்படப் பல இடங்களில் அவை பத்திரமாக உள்ளன. முட்டை வெண்கரு தடவிய காகிதத்தில் வெயிலில் அச்சிட்டவை அவை. வெண்கரு நாளாக ஆக மஞ்சளிக்கும் சுபாவமுள்ளது. ஆகவே அன்று பளீரென்று இருந்த இமயப் பனி இன்று பல பிரதிகளில் பழைய வேஷ்டியின் நிறத்துக்கு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அதை வெளுத்து அச்சிடுகிறவர்களும் உண்டு. நூலகங்களில் உள்ள மூலப் பிரதிகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். மஞ்சளித்த அந்தப் பனியிலும், சரிவின் வரிகளும் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் தெளிவாகவே தெரிகிறார்கள்.